ரிச்மண்ட் நகரத்தின் விண்ணப்பம்

தன் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு மாய்வதைக் கண்டு மனம் பொறாத ஒரு நகரசபை, அந்த மரணங்களைத் தடுப்பதற்கென்று சில ஊழியர்களை அமர்த்தவும் சில இளைஞர்களுக்கு வேலையும் வழித்துணையும் தேடிக் கொடுக்கவும் உத்தேசித்து, அதற்கு வேண்டிய பொருள் தன் பொக்கிஷத்தில் இல்லாமையால் மாநில அரசையோ மத்திய அரசையோ நோக்கி மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும்போது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதற்கு எழும் ஆட்சேபங்கள் ஏறக்குறைய எப்பொழுதும் ஒரே விதமாகவே இருக்கின்றன. துப்பாக்கி எடுத்தவனைப் பிடித்துத் தண்டிப்பதே அரசாங்கத்தின் வேலை என்றும், அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து உபதேசம் செய்து உபகாரச் சம்பளமும் கொடுப்பது அக்கிரமத்துக்கு அளிக்கும் சன்மானம் என்றும், இவ்விதத் திட்டங்களால் நன்மை விளைந்தது என்பதற்குத் தக்க ருசு இல்லை என்றும், பிள்ளைகளைத் திருத்துவது தாய் தந்தையரின் பொறுப்பேயன்றி ஊரார் வரிப்பணத்தின் பொறுப்பன்று என்றும் சொல்லுகிறார்கள். இந்த அபிப்பிராயம் வெறும் பேச்சோடு நின்றிருக்குமாயின் இதை மறுத்து எழுதப் பிரமேயம் இராது. ஆனால் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க நீதி இலாகா, தான் முன்னரே வழங்கியிருந்த 360-க்கும் மேற்பட்ட மானியங்களை, தன் நோக்கங்களுக்கு அவை இனிப் பொருந்தமாட்டா என்று சொல்லி, தவணை முடியுமுன்பே ரத்து செய்தது. அவற்றின் மொத்த மதிப்பு 80 கோடி டாலருக்கு மேற்பட்டது. தெருவிலே இறங்கி இளைஞரிடையே பகை தணிக்கும் ஸ்தாபனங்கள் பலவற்றின் ஜீவனம் அதனோடு போயிற்று. ஓர் அபிப்பிராயம் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மனிதர் உயிரைத் தொடும்போது, அதன் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிக்க வேண்டியது அவசியமாகிறது. அப்படிப் பரிசீலித்தால் அவற்றில் ஒன்றுகூட நிலைக்காது என்பது என் துணிபு.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் ரயில் பாதைகளுக்கும் நடுவே கிடக்கும் ரிச்மண்ட் நகரத்தின் ஜனத்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே கடந்தது. அவ்வளவு சிறிய ஊரில் 2007-ஆம் ஆண்டில் 47 பேர் கொலையுண்டார்கள். அந்த ஆண்டிலேதான் நகரசபை, போலீஸ் இலாகாவுக்கு உட்படாத தனி அலுவலகம் ஒன்றைக் குடியிருப்புப் பாதுகாப்புக்கென்று நிறுவி, டிவோன் பாகன் என்பவரை அதன் தலைமையில் வைத்தது. அவர் தேர்ந்தெடுத்த ஊழியர்களிற் பலர், தாங்களே ஒரு காலத்தில் சிறையிலிருந்து மீண்டவர்கள். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கு எந்தத் தெருப்பிள்ளையோடு பகை என்பதைக் கேட்டறிய வேண்டிய அவசியமில்லாதவர்கள். போலீஸாரின் தகவலைக் கொண்டு ஆராய்ந்தபோது அவர்களுக்கு ஒரு முக்கியமான உண்மை புலப்பட்டது. ஒரு லட்சம் ஜனங்கள் வாழும் ஊரிலே நடக்கும் துப்பாக்கிச் சூடுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணஸ்தர்கள் என்று கருதப்பட்டோர் முப்பது பேருக்கும் குறைவாகவே இருந்தார்கள்.

இந்த எண்ணிக்கையை வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். இளைஞர் சமூகம் முழுவதுமே கெட்டுவிட்டது என்று புலம்புவோருக்கும், ஆதலின் எல்லாரையும் அடக்கி ஒடுக்க வேண்டும் என்று வாதிப்போருக்கும் இந்த ஓர் எண்ணே போதிய விடையாகும். பாஸ்டன் நகரத்தில் 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள்: தெருக்கூட்டங்களைச் சேர்ந்தோர் ஏறக்குறைய 1,300 பேர், அதாவது அந்நகரத்து இளைஞரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர், இளைஞர் கொலைகளிலோ நூற்றுக்கு 60-க்குக் குறையாதவை அவர்களைச் சார்ந்தவை. வியாதி எந்த வீட்டில் இருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும்போது வைத்தியனை அந்த வீட்டுக்கு அனுப்பாமல் ஊர் முழுவதற்கும் காவல் போடுவது எந்த விவேகத்தில் சேரும்?

ரிச்மண்ட் அலுவலகத்தார் அந்த வீட்டுக்கே போனார்கள். 2010-ஆம் ஆண்டில், அந்தச் சிலரை நகரசபைக் கட்டிடத்துக்கே அழைத்தார்கள். 21 பேர் வந்தார்கள். அவர்களைக் குற்றவாளிகளென்று பழிக்காமல், இந்த நகரத்தின் சமாதானம் உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு உங்கள் உதவி வேண்டும் என்று மரியாதையோடு பேசி, விடை கொடுக்கும்போது ஆளுக்கு ஆயிரம் டாலரை, நிபந்தனை எதுவும் விதிக்காமல், கையில் கொடுத்தனுப்பினார்கள். அதன் பின் பதினெட்டு மாத காலம் ஊழியர்கள் அவர்களை நாள்தோறும் கண்டு பேசுவது, ஒவ்வொருவனும் தன் வாழ்க்கைக்கு ஒரு திட்டம் எழுதுவது, பள்ளிப்படிப்பை முடிப்பதோ, வாகனம் ஓட்டும் உரிமம் பெறுவதோ, கோபத்தை ஆளப் பழகுவதோ, எதுவாயினும், ஆறு மாதம் அந்தத் திட்டத்தின்படி நடந்து காட்டியவனுக்கு அதன் பின் மாதத்துக்கு ஆயிரம் டாலர் வரையில், ஒன்பது மாதத்துக்கு மிகாமல் உபகாரச் சம்பளம், இதுவே ஏற்பாடு. இதில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம் பிரயாணத்தைப் பற்றியது. வெளியூர்களையும் வெளிநாடுகளையும் காண அவர்களை அழைத்துச் செல்வதுண்டு. ஆனால் தன் பகைத் தெருவைச் சேர்ந்த ஒருவனோடு சேர்ந்து போக இசைபவனுக்கே அந்த வாய்ப்பு. தன்னைச் சுட்டுவிடுவானோ என்று எவனை எண்ணி இரவெல்லாம் அஞ்சினானோ அவனோடு ஒரே விமானத்தில் ஏறி, அவனோடு ஒரே மேசையில் உண்டு, ஊர் திரும்பியவனுக்குத் துப்பாக்கியைத் தூக்குவது முன்போல் எளிதாயிராது என்பதை அறிய நூலறிவு வேண்டியதில்லை.

இங்கேதான் எதிர்ப்பு மிகவும் பலமாக எழுந்தது. கொலைகாரர்களுக்குச் சம்பளம் என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. அந்தச் சம்பளத்தின் பணம் நகரசபையின் வரிப்பணத்திலிருந்து எடுக்கப்பட்டதன்று, தனிப்பட்ட தர்மஸ்தாபனங்களின் நன்கொடை என்ற உண்மையை அவ்வாறு எழுதியவர்களிற் பலர் சொல்லவில்லை. ஆயினும் நான் அந்த விடையோடு நிற்க விரும்பவில்லை; வரிப்பணமாகவே இருந்திருந்தாலும் அது நியாயமே என்பது என் கக்ஷி. ஏனெனில், தண்டிக்க வேண்டியவனுக்குப் பரிசளிக்கிறார்கள் என்று சொல்லுகிறவர்கள், அவன் ஏன் தண்டிக்கப்படவில்லை என்ற கேள்வியைக் கேட்பதில்லை. அவன்மீது போலீஸாருக்குச் சந்தேகம் இருந்தது, ருசு இல்லை. சாக்ஷி சொல்ல ஆள் வரவில்லை. வந்தால் அவர் உயிர் போகும் என்ற பயம். அமெரிக்க நாட்டில் அண்மை ஆண்டுகளில் நடந்த கொலைகளில் ஏறத்தாழப் பாதிக்கு யாரும் கைது செய்யப்படவில்லை. நீதிஸ்தலத்தில் நிரூபிக்க முடியாத குற்றத்துக்கு ஒருவனைச் சிறையில் அடைக்கச் சட்டம் இடம் தராது. இடம் தரவும் கூடாது. ஆகவே ரிச்மண்ட் நகரத்துக்கு முன் இருந்த வழிகள், தண்டிப்பது ஒன்று பரிசளிப்பது ஒன்று என்று இரண்டல்ல. அடுத்த பிரேதம் விழும்வரையில் கைகட்டிக் காத்திருப்பதா, அதற்கு முன் போய் அந்தப் பையனோடு பேசுவதா என்பதே கேள்வி. இதில் முதலாவதைத் தர்மம் என்றும் இரண்டாவதைக் கோழைத்தனம் என்றும் பேசுவது என் அறிவுக்கு எட்டவில்லை.

அன்றியும், சுடுபவன் ஒரு ஜாதி, சுடப்படுபவன் வேறொரு ஜாதி என்ற நினைப்பே தவறானது. ஓக்லந்து நகரத்தில் 1994-ஆம் ஆண்டிலேயே ஒரு ஸ்தாபனத்தார், துப்பாக்கிக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் இளைஞனின் கட்டிலருகே போய் உட்காரும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். அதற்குக் காரணம், அந்தக் கட்டிலைச் சுற்றி அந்நேரம் அவன் நண்பர்கள் கூடி யாரைப் பழிவாங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்பதும், அவன் எழுந்து நடக்கும் நாளில் அவனே துப்பாக்கி தேடுவான் என்பதும் அனுபவத்தில் அவர்கள் அறிந்தவை. இன்று அனுதாபத்துக்குரியவனாகக் கிடக்கும் அதே பையன் அடுத்த மாதம் ஆத்திரத்துக்குரியவனாகிவிடுகிறான். அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் உள்ள சில வாரங்களில் அவனருகே ஒரு மனிதன் இருக்க வேண்டும், அந்த மனிதனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் மானியம்.

இனி, ருசு இல்லை என்ற ஆட்சேபம். ரிச்மண்டில் 47 ஆக இருந்த கொலைகள் 2014-இல் 11 ஆகக் குறைந்தன. இதை மட்டும் காட்டி வெற்றி கொண்டாடுவது நேர்மையாகாது. அதே காலத்தில் அந்நகரத்துப் போலீஸ் தலைவராயிருந்த கிறிஸ் மேக்னஸ் தம் இலாகாவைச் சீர்திருத்தியதும், நாடெங்கும் குற்றம் குறைந்து வந்ததும் கணக்கில் சேர வேண்டியவை. அதனாலேயே ஆராய்ச்சியாளர்கள் கலிபோர்னியாவின் பிற ஊர்களின் போக்கோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். துப்பாக்கியால் விளையும் சாவுகளும் ஆஸ்பத்திரி வருகைகளும் ஆண்டுதோறும் நூற்றுக்கு 55 குறைவாகவும், துப்பாக்கிக் குற்றங்கள் நூற்றுக்கு 43 குறைவாகவும் இத்திட்டத்தோடு சேர்ந்து காணப்பட்டன. துப்பாக்கி சம்பந்தப்படாத வன்முறையோ குறையவில்லை, கூடியே இருந்தது என்பதையும் அதே ஆராய்ச்சி சொல்லுகிறது. நகரசபைக் கட்டிடத்துக்குள்ளேயே பகைத் தெருக்களைச் சேர்ந்த இளைஞர்கள் கைகலந்த சம்பவமும் ஒருமுறை நடந்து, அந்த அலுவலகத்தையே மூடிவிட வேண்டும் என்ற கூச்சல் எழுந்ததுண்டு. இவற்றை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. கைகலந்தவர்கள் மறுநாள் எழுந்து நடந்தார்கள், சுட்டுக்கொண்டிருந்தால் நடந்திருக்கமாட்டார்கள்.

ரிச்மண்ட் ஆராய்ச்சி போதாது என்பவர்களுக்குச் சிக்காகோ இருக்கிறது. அங்கே 2012-ஆம் ஆண்டில், வன்முறை மலிந்த பகுதிகளிலுள்ள 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 பிள்ளைகள் கோடைகால வேலைக்கு மனுச் செய்தார்கள். இடம் எல்லாருக்கும் இல்லை. ஆதலால் சீட்டுக் குலுக்கிச் சிலருக்கு வேலை கொடுத்தார்கள். எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி, உடன் ஒரு வயது வந்த துணைவர், அவ்வளவே. பதினாறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது, கிடைக்காதவர்களைவிட நூற்றுக்கு 43 குறைந்திருந்தது. சீட்டுக் குலுக்கல் நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று பார்ப்பதில்லை. ஆகவே இந்த வித்தியாசத்துக்குப் பிள்ளைகளின் குணத்தைக் காரணம் சொல்ல வழியில்லை. இதில் கவனிக்க வேண்டியது மற்றொன்று: குறைவு பெரும்பாலும் ஏற்பட்டது வேலை நடந்த கோடையில் அன்று, அது முடிந்த பின் வந்த மாதங்களிலே. வேலை செய்த நேரத்தில் தெருவில் இல்லை, ஆகையால் சண்டை இல்லை என்று இதை ஒதுக்க முடியாதென்பது வெளிப்படை. பிள்ளையின் உள்ளத்திலே ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்.

அது என்ன என்பதற்கு அந்த நகரத்துப் பள்ளிகளில் நடக்கும் வேறொரு பயிற்சி ஓரளவு வெளிச்சம் தருகிறது. இரண்டு பையன்களை எதிரெதிரே நிறுத்தி ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்து, முப்பது விநாடிக்குள் அதை வாங்கிவிடு என்று மற்றவனிடம் சொல்லுவார்கள். அவன் கையைத் திருகுவான், விரலைப் பிரிப்பான், கட்டிப் புரளுவான். நேரம் முடிந்ததும், தயவு செய்து கொடு என்று ஏன் கேட்கவில்லை என்பார் ஆசிரியர். கேட்டால் என்னைக் கோழையென்று நினைத்திருப்பான் என்பான் இவன். எதிரே நின்றவனைக் கேட்டால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், ஒரு பந்துதானே என்பான். இந்தச் சிறு பாடத்தையும் இது போன்றவற்றையும் கற்ற பையன்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது, பயிற்சி நடந்த காலத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இதுவும் சீட்டுக் குலுக்கிச் செய்த பரீக்ஷையே. பயிற்சி நின்ற பிறகு அந்தக் குறைவு நிலைக்கவில்லை என்பதையும் அதே பரீக்ஷை காட்டிற்று. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, பலன் தங்கவில்லை என்று வாதிக்கிறார்கள். மருந்து உண்ணும்வரையில் காய்ச்சல் தணிந்திருந்தது, மருந்தை நிறுத்தியதும் திரும்பியது என்று ஒருவன் சொன்னால், ஆதலால் மருந்து வீண் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

இதற்கு எதிராக அவர்கள் நிறுத்தும் கடுமைக்கு உள்ள ருசு என்ன? போலீஸ் வேண்டாம் என்று சொல்லுபவன் அல்லேன் நான். ரிச்மண்டிலும், பின்னர் நான் சொல்லப்போகும்படி ஓக்லந்திலும் பாஸ்டனிலும் போலீஸாரின் ஒத்துழைப்பு இல்லாமல் இவை நடந்திருக்கமாட்டா. ஆனால் போலீஸுக்கும் சிறைக்கும் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கும் பெருந்தொகைக்கு, இத்தனை உயிர் இதனால் தப்பியது என்று சீட்டுக் குலுக்கி நிரூபிக்கும்படி யாரும் கேட்பதில்லை. நாலு ஊழியர்களும் ஒரு வாடகை அறையும் உள்ள தடுப்பு ஸ்தாபனத்தை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கூண்டில் ஏற்றி நிறுத்தி விசாரிக்கிறோம். ஒரே பொருளை நிறுக்க இரண்டு தராசு வைத்திருப்பது வியாபாரத்தில் குற்றமாயின், ராஜ்ய நிர்வாகத்தில் அது எப்படிக் குற்றமாகாமல் போகும்? கடுமையை அதே தராசில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அன்னா ஐசர், ஜோசப் டாயில் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் சிக்காகோ வட்டாரத்தில் பத்தாண்டுக் காலத்தில் பாலர் நீதிமன்றத்துக்கு வந்த 35,000 பிள்ளைகளின் கதியை ஆராய்ந்தார்கள். எந்தப் பிள்ளை எந்த நீதிபதியிடம் போவது என்பது அங்கே தற்செயலாக அமைவது. நீதிபதிகளிலோ சிலர் கடுமையானவர், சிலர் தயாளர். கடின சித்தமுள்ள நீதிபதியிடம் சிக்கி அடைபட்ட பிள்ளை, அதே குற்றத்துக்குத் தயாளரிடம் சென்று அடைபடாமல் தப்பிய பிள்ளையைவிட, உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்கான சாத்தியம் நூற்றுக்கு 13 குறைந்தும், வயது வந்தபின் மீண்டும் சிறை புகும் சாத்தியம் நூற்றுக்கு 23 கூடியும் இருப்பதை 2015-இல் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். நியூஜெர்ஸி மாநிலத்து ராவே சிறைச்சாலையில் ஆயுட்கைதிகளைக் கொண்டு சிறுவர்களை அதட்டிப் பயமுறுத்தும் வழக்கம் 1970-களில் தொடங்கி, அதைப் பற்றிய படம் ஆஸ்கார் பரிசும் பெற்று, நாடெங்கும் பரவிற்று. ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்தமாயிருந்தது. பின்னால் பரீக்ஷித்துப் பார்த்தபோது, பயமுறுத்தப்பட்ட சிறுவர்கள் பயமுறுத்தப்படாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கினார்கள் என்றே தெரிந்தது. ருசுவைக் கேட்பவர்கள் இந்த ருசுக்களையும் ஏற்க வேண்டும் அன்றோ!

எதிர்க் கக்ஷியாருக்கு உண்மையாகவே சாதகமான ஓர் உதாரணம் உண்டு. அதை நானே எடுத்து வைக்கிறேன். இலினாய் மாநிலத்தில் 2010-ஆம் ஆண்டு கவர்னர் பாட் குவின், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, வன்முறைத் தடுப்புக்கென்று ஐந்தரைக் கோடி டாலருக்குச் சற்றுக் குறைந்த தொகையில் ஒரு திட்டத்தை அவசர அவசரமாகத் தொடங்கினார். எந்தப் பகுதிகளில் கொலை அதிகம் என்ற கணக்கைக் கொண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுக்காமல், சிக்காகோ நகரசபை அங்கத்தினர்களின் சிபாரிசைக் கேட்டுப் பணத்தைப் பங்கிட்டார்கள். மாநிலத் தணிக்கையாளர் 2014-இல் வெளியிட்ட அறிக்கை அதை மிகக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது நியாயமே. ஆனால் அதிலிருந்து பெற வேண்டிய படிப்பினை, இப்படிப்பட்ட பணத்தை எவருக்கும் கொடாதே என்பதன்று. எவனுக்கு ஆபத்து என்று ரிச்மண்டில் பெயர் பெயராக அறிந்து சென்றார்கள்; இலினாயில் எந்தப் பகுதிக்கு என்றுகூட ஆராயாமல் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் கொட்டிவிடுவது விசாரணையாகாது.

பிள்ளை வளர்ப்பு பெற்றோர் பொறுப்பு என்ற வாதத்தைப் பற்றி நீண்டு எழுத எனக்கு மனமில்லை. ஏனெனில், இரண்டு வேலை பார்த்து இரவில் வீடு திரும்பும் தாயிடம் போய் உன் மகனைச் சரியாக வளர்க்கவில்லை என்று சொல்லுவது கொடுமை. தமிழர்களாகிய நாமும் இதை அறியாதவர்கள் அல்ல. 1990-களில் கனடா நாட்டு டொராண்டோவில், யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளிற் சிலர் பகைக் கூட்டங்களாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டியும் சுட்டும் மாய்ந்தபோது, அந்தத் தாய்மார் ஒழுக்கம் கற்பிக்கத் தவறிய தாய்மார்களா? கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பியவர்கள் அவர்கள். அந்நாளில் அந்தச் சமூகத்து இளைஞர்களே முன்வந்து தங்களுக்கென ஒரு மையம் அமைத்து, வழிதவறிய தம்பிமாரைத் தேடிப் போனார்கள். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவிலே நிற்க ஒருவர் வேண்டியிருந்தது. பெற்றோர் எவ்வளவு நல்லவராயினும் அந்த இடத்தில் அவர்கள் நிற்க முடியவில்லை.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானதற்கு இப்பொழுது வருகிறேன். இந்த மானியங்கள் சில வேளைகளில் பலன் தராமற் போவது உண்மை. அதன் காரணம், கொடுப்பவர்கள் இதைத் தானமாக நினைத்துக் கொடுப்பதே. தானம் கொடுப்பவன் தன் இஷ்டத்துக்குக் கொடுப்பான், இஷ்டத்துக்கு நிறுத்துவான். வாங்குபவன் கேள்வி கேட்க இயலாது. இரண்டாண்டு, மூன்றாண்டு தவணை. அதற்குள் ஆள் தேடி அமர்த்தி, அந்த ஆள் தெருவிலுள்ளோரின் நம்பிக்கையைப் பெறுவதற்கே முதல் ஆண்டு கழிந்துவிடும். இரண்டாம் ஆண்டின் பாதியில் அடுத்த விண்ணப்பம் எழுத உட்கார வேண்டும். மூன்றாம் ஆண்டில் பணம் நின்று ஊழியன் வேறு வேலை தேடிப் போவான். எந்தப் பையனிடம் நான் எப்பொழுதும் உன்னோடு இருப்பேன் என்று அவன் வாக்களித்தானோ அந்தப் பையனுடைய வாழ்வில், வாக்குத் தவறிப்போன பெரியவர்களின் வரிசையில் இன்னும் ஒருவன் சேருகிறான். அடுத்த மானியத்தில் வரும் புதிய ஊழியனை அவன் எப்படி நம்புவான்? பாதியில் அறுந்த திட்டம், தொடங்காத திட்டத்தைவிடத் தீங்கானது என்றே நான் கருதுகிறேன்.

இது ஊகமன்று. பாஸ்டனில் கறுப்பின மதகுருமாரும் தெரு ஊழியர்களும் போலீஸாரும் ஒன்றுசேர்ந்து 1996-ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியால் இளைஞர் கொலைகள் மாதச் சராசரியில் நூற்றுக்கு 63 குறைந்தன. 1990-இல் 152 ஆக இருந்த மொத்தக் கொலைகள் 1999-இல் 31 ஆயின. உலகமே அதை அதிசயம் என்று புகழ்ந்தது. புகழ்ந்த பிறகு, வேலை முடிந்துவிட்டது என்று கருதியவர்களைப் போல அந்த முயற்சியை நெகிழவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே கொலைகள் இரட்டித்து, 2005-இல் எழுபதைத் தாண்டின. ஓக்லந்தின் சரித்திரமும் அதுவே. அங்கே 2012-இன் இறுதியில் தொடங்கிய இதே மாதிரியான முயற்சி துப்பாக்கிக் கொலைகளை நூற்றுக்கு 31 குறைத்தது என்று ஆராய்ச்சி கண்டது. கொள்ளைநோய்க் காலத்தில், இளைஞரை அழைத்துப் பேசும் சந்திப்புகள் நின்றன; பின்னர் வந்த அதிகாரிகள் முறையை மாற்றினார்கள்; கொலைகள் மீண்டும் ஆண்டுக்கு நூறைக் கடந்தன. நகரம் தன் நல்ல முறையைத் தானே கைவிட்டுவிட்டது என்று 2024-இன் தொடக்கத்தில் வந்த ஆய்வு எடுத்துச் சொன்னது, முறையைப் புதுப்பித்தார்கள், அவ்வாண்டிலேயே கொலைகள் மிகவும் குறைந்தன. கொலை பெருகியதற்கும் குறைந்ததற்கும் வேறு காரணங்களும் இருந்தன, நாடு முழுவதும் அவ்வாறே ஏறி இறங்கிற்று, அதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆயினும் இரண்டு நகரங்களில், இருபதாண்டு இடைவெளியில், கைவிட்டபோது ஏறியதும் கைக்கொண்டபோது இறங்கியதும் யாதொரு சம்பந்தமும் இல்லாதவை என்று சொல்லத் துணிபவர் தம் வாதத்துக்கு ருசு காட்டட்டும்.

கலிபோர்னியா மாநிலம் இந்த விஷயத்தில் ஒரு நேரான பாதையைக் கண்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, துப்பாக்கியும் தோட்டாவும் விற்பவர்மீது 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நூற்றுக்கு 11 வீதம் வரி விதித்து, அந்த வருமானத்தில் முதல் ஏழரைக் கோடி டாலரை ஆண்டுதோறும் வன்முறைத் தடுப்பு மானியத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த மானியத்தைப் பெறும் நகரம், அதில் பாதிக்குக் குறையாமல் சமூக ஸ்தாபனங்களின் கையிலே கொடுக்க வேண்டும் என்பதும் விதி. குண்டு விற்கும் ஒவ்வொரு தடவையும் குண்டு பாய்ந்தவனின் கட்டிலருகே உட்காருபவனுக்குக் கூலி சேருகிறது. ஒரு மந்திரியின் மனம் மாறியதால் நின்றுபோகாத வரும்படி இது. மத்திய அரசோ 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐந்தாண்டுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கிவிட்டு, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மேலே சொன்னபடி அறுத்தது.

ஓர் ஊரின் உபத்திரவத்துக்கு மற்ற ஊரார் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி ஒன்றே இனி மிச்சம். இதற்கு விடை ரிச்மண்டின் பழைய சரித்திரத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் ராத்ஸ்டைன் 2017-இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எடுத்துரைத்திருக்கிறார். 1940-இல் ரிச்மண்டின் ஜனத்தொகை 24,000. அவர்களுள் கறுப்பினத்தார் 270 பேர். உலக யுத்தத்தின் பொருட்டுக் கெய்சர் கப்பல் தளங்களில் கப்பல் கட்ட ஆள் வேண்டியிருந்தது. 1945-க்குள் ஊர் ஒரு லட்சத்தைக் கடந்தது. கறுப்பினத்தார் 14,000 ஆனார்கள். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு, கௌரவமான ஜீவனத்தைத் தேடி வந்து, அரசாங்கத்தின் யுத்தத்துக்கு உழைத்தவர்கள் அவர்கள். குடியிருக்க வீடு கட்டிக் கொடுத்ததும் மத்திய அரசாங்கமே. வெள்ளையருக்குக் கட்டியவை நகரத்தின் உட்பகுதியில்; அவற்றிற் சில நெடுங்காலம் நிற்கும்படி கட்டியவை. கறுப்பினத்தாருக்குக் கட்டியவை ரயில் பாதையோரமாகக் கப்பல் தளத்தையடுத்து, தாற்காலிகமாக, மட்டமான சாமான்களால் கட்டியவை. ரோலிங்வுட் என்னும் புதிய குடியிருப்பைக் கட்டியவருக்கு வங்கிக் கடன் கிடைக்க மத்திய அரசாங்கம் உத்தரவாதம் நின்றபோது, கறுப்பினத்தார் எவருக்கும் அங்கே வீடு விற்கலாகாது என்று நிபந்தனையும் விதித்தது. யுத்தம் முடிந்தது, கப்பல் தளங்கள் மூடப்பட்டன. 1950-களின் நடுவில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையும் ஐம்பது மைல் தெற்கே மில்பிட்டாஸுக்குப் பெயர்ந்தது. தொழிலாளரில் வெள்ளையர் அங்கே புது வீடு வாங்கிக் குடிபெயர்ந்தார்கள். கறுப்பினத்தாருக்கு அங்கே வீடு விற்பாரில்லை.

வேலை போயிற்று; வேலை போன இடத்துக்குப் போகும் வழியும் அடைபட்டது; அப்படி அடைத்ததில் அரசாங்கத்துக்குப் பங்கு இருந்தது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுடைய ஊர்தான் 2007-இல் 47 பிரேதங்களை எண்ணிய ஊர். பாகனுடைய ஊழியர்கள் நடக்கத் தொடங்கிய தெருக்களில், இரும்பு முக்கோணம் என்ற பெயருடைய பகுதியின் தெருக்களும் சேர்ந்தவை. மூன்று புறமும் ரயில் பாதை சூழ்ந்திருப்பதால் வந்த பெயர் அது. ரயில் பாதையோரம் எவரைக் குடிவைப்பது என்று யுத்த காலத்தில் தீர்மானித்த அரசாங்கமும், இன்று ரிச்மண்டைப் போன்ற நகரங்கள் மானிய விண்ணப்பத்தை எந்த முகவரிக்கு எழுதுகின்றனவோ அந்த அரசாங்கமும் ஒன்றே.